காய்ச்சல் விட்டது, நோய் விட்டதா?

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பிடித்தது. இந்த மாவட்டத்தில், கிண்ணியாவில், ஆண்டின் முதல் மாதங்களிலேயே உயிர்கள் போயின. மலையிலிருந்து இங்கு வேலைக்கு வந்திருக்கும் நாம் அந்த நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தொற்றுநோய் எதுவானாலும் அதற்கு ஒரு கிருமி உண்டு, அது நுழையும் வழி உண்டு, அரும்பும் காலம் உண்டு, உடம்பின் எதிர்ப்பு உண்டு. அறிகுறி பிந்தித்தான் வெளியே தெரியும். டெங்குவின் கிருமி ஒரு வைரசு. பகலில் கடிக்கும் ஈடிஸ் நுளம்பு அதை உடம்புக்குள் விடுகிறது. நாலு முதல் பத்து நாள் வரை ஒன்றும் தெரியாது. நாம் வேலைக்குப் போய்க்கொண்டிருப்போம். வைரசு உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். பிறகு கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் நோவு, மூட்டு நோவு. உடம்பு சண்டைக்கு எழுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். பலர் அத்துடன் சுகமாவார்கள். சிலருக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்கும். வைரசை எதிர்க்கும் உடம்பின் வேகமே இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தளர்த்திவிடுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்குகிறது. மிஞ்சிய இரத்தம் தடிக்கிறது, அமுக்கம் விழுகிறது, கைகால் குளிர்கிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அந்த நேரத்தில் வைத்தியசாலையில் இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

டெங்கு வைரசு நாலு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறொரு வகை வந்தால் ஆபத்துக் கூடும். ஆகவே, ‘எனக்கு முன்பே வந்து போய்விட்டது’ என்று யாரும் சும்மா இருக்க முடியாது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காய்ச்சல் விட்ட காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறோம். தோட்டத்தில் என்றால் பேர் போட மாட்டார்கள். இங்கே என்றால் அன்றைய கூலி இல்லை. இதை அறியாமை என்று சொல்பவர்கள் நமது அடுப்பைப் பார்த்ததில்லை. உடம்புக்கு மிகவும் ஓய்வு தேவைப்படும் இரண்டு நாளில்தான் வயிறு நம்மை வேலைக்குத் துரத்துகிறது.

ஆகவே நாம் கேட்பது இது: காய்ச்சல்காரர் இரத்தப் பரிசோதனைக்குப் போகவும், காய்ச்சல் விட்டபின் இரண்டு நாள் ஓய்வெடுக்கவும் சம்பளத்தோடு லீவு வேண்டும். வேலைத்தளத்தில் தண்ணீர் தேங்கும் பீப்பாய், டயர், தகரம் எல்லாவற்றையும் நிர்வாகம் வாரம் ஒருமுறை அகற்ற வேண்டும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு வாரம்தான் எடுக்கும்.

நமது பங்கும் உண்டு. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், புரூபன் வேண்டாம். கடும் வயிற்று நோவு, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், சிறுநீர் குறைதல், மயக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அன்று காய்ச்சல் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் காய்ச்சல்காரர் இருந்தால், காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் போய்ப் பாருங்கள்.