இடி விழுந்த இடம் எப்படித் தெரியுது?

நோட்டு எழுதுறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. ஐப்பசி வருது, நான் இடி மின்னலைப் பத்திச் சொல்றேன்.

நம்மில் சிலர் போன்ல ‘தாமினி’ செயலி இருக்கு. புனே வானிலை ஆய்வு நிலையம் கொடுத்தது. 20, 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் விழுந்தா காட்டும். “அங்க இருந்து நம்ம ஊரு இடி எப்படிக்கா தெரியும்?”னு ஒரு தங்கச்சி கேட்டா. நியாயமான கேள்வி.

மின்னும்போது பழைய ரேடியோ கரகரங்கும் இல்லையா? மின்னல்ல கிளம்புற ரேடியோ அலைதான் அது. பல ஊர்களில் வைத்திருக்கும் கருவிகள் அந்த அலை வந்த நேரத்தைக் குறிச்சுக்கும். கிட்ட இருக்கிற கருவிக்கு முந்தி வரும், தூரத்துக்குப் பிந்தி வரும். அந்த வித்தியாசத்துல இடத்தைக் கணக்குப் போடுறாங்க. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள்ள அலை 300 மீட்டர் போயிடும். அவ்வளவு துல்லியமான கடிகாரம் வேணும்.

கணக்கு சரியான்னு யார் பார்க்கிறது? நம்ம குழுவுக்குத் தணிக்கை மாதிரி அதுக்கும் உண்டு. ஆஸ்திரியாவில் கைஸ்பெர்க் மலைக் கோபுரத்துல அடிக்கடி மின்னல் விழும். கருவி சொல்ற இடம் கோபுரத்துல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளக்கிறாங்க. அமெரிக்காவில் புளோரிடாவுல, கம்பி கட்டின ராக்கெட்டை மேகத்துக்கு விட்டு மின்னலை வரவழைச்சே சோதிச்சாங்க. துணிச்சல்தான்!

ஆனா செயலியில தெரியிற புள்ளி விழுந்து முடிஞ்ச மின்னல். அடுத்தது எந்த மரத்துலன்னு அது சொல்லாது. வயல்ல சிக்னலும் கிடைக்காது. மின்னிட்டு 30 எண்ணுறதுக்குள்ள இடி கேட்டா 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம். களையெடுப்பை விட்டுட்டு கட்டடத்துக்குள்ள போயிடுங்க, புளியமரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு இறங்குங்க. கூலியைப் பிடிப்பாங்கன்னு பயந்துதான் பலபேர் நிக்கிறோம். பத்துப் பேரும் சேர்ந்து கரையேறினா யார் கூலியைப் பிடிப்பாங்க?