மறைக்காமல் சொன்ன ஆளுநர்



இன்று குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சொன்னதும் சிலர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை. முதலில் வெளியூர்க்காரர் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹேரல்ட் ஹியூஸ் என்ற லாரி ஓட்டுநர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். குடி அவரை ஆட்டிப் படைத்தது. 1952இல் உயிரையே விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்து, பிறகு மனம் மாறிக் குடியை நிறுத்தினார். பத்தே ஆண்டுகளில், 1962இல், மக்கள் வாக்களித்து அவரை மாநில ஆளுநராக்கினார்கள்.

1964இல் அவர் மறுபடியும் போட்டியிட்டபோது, எதிர்த்து நின்றவர் ஒரு பழைய செய்தியைக் கிளப்பினார். குடியை விட்டதாகச் சொன்ன ஹியூஸ் 1954இல் மீண்டும் குடித்திருக்கிறார் என்பதே அது. ஹியூஸ் மறுக்கவில்லை. தாம் மதுவுக்கு அடிமையானவர்தாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

பின்னர் செனட்டரானதும், குடியிலிருந்து மீண்டவர்களை நாடாளுமன்றக் குழுவின் முன் பேச வைத்தார். 1970ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. மது அடிமைத்தனத்தை ஆராய ஒரு தேசியக் கழகம் அதன் மூலம் உருவானது.

நான் மொழிபெயர்ப்பாளர். ஹியூஸ் தம்மைக் குறிக்கப் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சட்டென்று வருவது ‘குடிகாரன்’. அது வசைச்சொல். ஒரு நோயாளியை அப்படி அழைத்தால் அவர் எப்படி வாய் திறப்பார்? ஆகவே ‘மதுவுக்கு அடிமையானவர்’ என்றே எழுதுகிறேன். சற்று நீளம்தான்.

நம் வீடுகளில் ஒருவர் மூன்று மாதம் குடிக்காமல் இருந்து, தீபாவளியன்று ஒரு கிளாஸ் எடுத்துவிட்டால், “இவர் திருந்தவே மாட்டார்” என்று முடித்துவிடுகிறோம். மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. இரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் மருந்தை மாற்றுவதுபோல, இதற்கும் சிகிச்சையைத் தொடர்வார்கள் அல்லது மாற்றுவார்கள்.

வயது கூடும்போது உடலில் நீர் குறைகிறது. நாற்பதில் தாங்கிய அதே இரண்டு பீர், எழுபதில் கூடுதலாக ஏறும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே தடைபடலாம். நீரிழிவு மருந்தோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கலாம். குளியலறையில் விழும் அபாயமும் உண்டு.

ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள். பல காலமாகத் தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக்கூடாது. கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.

அடுத்த முறை பலதுறை மருந்தகம் செல்லும்போது, மாத்திரைப் பையோடு இந்தச் செய்தியையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநலக் கழகத்தின் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஆங்கிலம் வராது என்றால், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முகப்பிலேயே கேளுங்கள்.