இழையும் இறக்கையும்



காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு இரயிலில் செல்வோர், தாம்பரத்தைக் கடந்தபின் பல்லாவரத்தைக் காண்பர். 1910-ஆம் ஆண்டில் அங்கே ஒரு விமானம் பறந்தது. அதைச் செய்வித்தவர், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர். கட்டிக் கொடுத்தவர்கள், வண்டி செய்யும் சிம்ப்சன் கம்பெனியார். வண்டிப் பட்டறையில் விமானமா என்று வியக்க வேண்டா. அக்காலத்து விமான இறக்கை, மரமும் துணியும் சேர்ந்த வேலையே.

இறக்கையின் நீளத்துக்கு ஓடுவது உத்தரம். அதன் குறுக்கே வளைவான விலாச் சட்டங்கள் நிற்கும். அவற்றைப் போர்த்துவது துணி. 1903-இல் பறந்த ரைட் சகோதரர்கள் பருத்தி மஸ்லினை இழைகள் சாய்வாக அமையுமாறு போர்த்தினர். காரணம் யாது? வகுப்பில் நான் ஒரு கைக்குட்டையைக் கொண்டு இதனை விளக்குவதுண்டு. பாவு வழியிலோ ஊடை வழியிலோ இழுத்தால் இழை இடங்கொடாது. மூலைக்கு மூலை இழுத்தால் துணி நெகிழும். இறக்கைச் சட்டம் கோணும்போது இழுப்பு மூலைவாட்டத்திலேயே செல்கிறது. இழையும் அத்திசையில் இருந்தால், சட்டத்தைக் கோணவிடாமல் பிடித்துக்கொள்ளும். தறியோசை கேட்டு வளரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

இன்றும் பல நாடுகளில் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே விமானம் கட்டுவோர் உளர். நம் நாட்டில் அமோல் யாதவ் என்னும் விமானி, மும்பையில் தம் வீட்டு மொட்டைமாடியில் ஒரு விமானம் கட்டினார். 2017-இல் அதற்குப் பதிவு கிடைத்தது. இத்தகையோருள் சிலர் உலோகத் தகட்டால் இறக்கை செய்வர். சிலர் பாலியஸ்டர் துணியைப் போர்த்தி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் சுருக்கி இறுக்குவர். பறக்கையில் மேற்புறக் காற்றழுத்தம் குறைவதால், துணி மேலே எழும்ப முயலும். ஆதலால் அதனை விலாச் சட்டங்களோடு தைத்துப் பிணைப்பதும் உண்டு.

துணி மூடியபின், உள்ளே உள்ள ஒட்டுகளைக் காண்பது அரிது. எனவே மூடுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால் பாராட்டுகிறோம். இறக்கையிலோ, பத்து ஒட்டுகளில் ஒன்று தளர்ந்தாலும் உயிருக்கே ஆபத்து. கட்டியவரே அதில் ஏறிப் பறக்கப் போகிறவர். தம் வேலைக்குத் தாமே முதற் பரீட்சகர். நீங்கள் எத்தொழிலைக் கற்றாலும், பிறர் கண்ணுக்கு மறையப்போகும் பகுதியை இருமுறை பாருங்கள்.