‘இல்லை’யில் இரண்டு வகை

(புதுக்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)



திட்டத்துக்கு விண்ணப்பிச்ச பிறகு ‘தகுதி இல்லை’ன்னு குறுஞ்செய்தி வந்தா, நாம அதோட விட்டுடுறோம். அந்த ‘இல்லை’ எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும்.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்குவோம். தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். அப்போது அறிவித்த விதிகளில் ஒரு பாதி கணக்கு: வயது 21 நிறைவு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ். இன்னொரு பாதி ‘இருக்கக் கூடாது’: கார் இருக்கக் கூடாது, வருமான வரி கட்டக் கூடாது.

இப்படி நிபந்தனைகளை மட்டும் எழுதிக் கொடுத்து, விடையைக் கணினியையே தேடச் சொல்லும் நிரலாக்க முறை ஒன்று உண்டு. 1970-களில் வந்த புரோலாக் மொழி அதற்கு வழி காட்டியது. எண் நிபந்தனைகளையும் சேர்த்துக் கையாளும் பொதுவான வடிவத்தை 1987-ல் ஜாஃபர், லாஸே என்ற இரு ஆய்வாளர்கள் தந்தார்கள்.

இதில் எண்கள் தெளிவானவை. ஐந்து மின் பில்லில் 2,950 யூனிட் வந்துடுச்சா? ஆறாவது பில் 650-க்குக் கீழே இருக்கணும்னு கணினி முன்கூட்டியே சொல்லிடும். மறுத்தாலும் குழப்பமில்லை. ‘3,600-க்குக் கீழ் இல்லை’ என்றால் 3,600 அல்லது அதற்கு மேல், அவ்வளவுதான்.

‘கார் இல்லை’ என்பது அப்படி இல்லைங்க. கணினி நம்ம வாசலுக்கு வந்து பார்க்காது. பதிவேட்டில் தேடும், கிடைக்கலேன்னா ‘இல்லை’ன்னு எடுத்துக்கும். தேடிக் கிடைக்காததை ‘இல்லை’ என்று கொள்ளும் இந்த வழக்கத்தை 1978-ல் கீத் கிளார்க் தர்க்க முறைப்படி விளக்கினார். பதிவேடு சரியா இருந்தாத்தான் இந்த முடிவும் சரி. வீட்டுக்காரர் எப்பவோ வித்த கார், ஆர்.சி.யில் இன்னும் அவர் பேரிலேயே இருக்குன்னு வைங்க. வாசல்ல கார் இல்லை, பதிவேட்டில் இருக்கு!

அதனால, முதலில் காரணத்தைக் கேளுங்க. கணக்கா, பதிவா? கணக்குன்னா பில்களைக் கூட்டிப் பாருங்க. பதிவுன்னா பெயர் மாற்றத்தை முடிச்சு, அந்தச் சான்றோடு போங்க. உரிமைத் தொகைக்குக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியா கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்னு அப்போதே அறிவிச்சாங்க. நம்ம மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர்னு மூன்று கோட்டங்கள் இருக்கு.

குறுஞ்செய்தி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். ஆர்.சி.யும் பட்டாவும் யார் பேர்ல இருக்குன்னு இன்னிக்கு ராத்திரியே போன்ல ஒரு தடவை பார்த்துடுங்க.