சைக்கிள் ஓடணும், சுவரில் சாயக்கூடாது

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ‘சைக்கிள் கடன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு காலையில் ஒரு அம்மா கேட்டார்கள்: “ஏம்மா, ஊரே ஸ்கூட்டில போகுது. பஸ்ஸும் நமக்கு ஓசி. இப்பப் போய் சைக்கிளைப் பத்திப் பேசறீங்களே?”

நியாயமான கேள்விதான். 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நம்மில் எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி. ஆனால் பஸ் விலக்கு ரோட்டோடு நின்றுவிடுகிறது. விலக்கிலிருந்து நம் தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர். அதை யார் கடத்திவிடுவது? ஸ்கூட்டி இருக்கிறது, சரி. சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது? (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆனால் பதில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிளுக்குப் பெட்ரோல் கேட்க வேண்டாம், லைசென்ஸ் கேட்க வேண்டாம், யாரிடமும் சாவி கேட்க வேண்டாம். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுவோம்

2022-ல் நம் பகுதியில் ஒரு குழுவில் நான்கு பேர் சைக்கிள் வாங்க உள்கடன் எடுத்தார்கள். ‘நல்ல விஷயம்’ என்று நாங்களும் கைதட்டினோம். நான்கு பேரும் டவுனுக்குப் போய், கலர் கலராக, கியர் வைத்த சைக்கிளாகப் பார்த்து வாங்கி வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து நாங்கள் போனபோது மூன்று சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. ஒன்றில் கியர் ஒயர் அறுந்துவிட்டது. ஒன்று கீழே விழுந்து, பின்னால் தொங்குகிற கியர் வளைந்துவிட்டது. இன்னொன்றுக்கு டயர் போய்விட்டது, அந்த அளவு டயர் நம்ம ஊர்க் கடையில் இல்லை. கேரியரும் இல்லாத சைக்கிள்கள். புல்லுக்கட்டு வைக்க முடியாது, அரிசி மூட்டை வைக்க முடியாது. ஆனால் தவணை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது.

வாங்கினவர்களைக் குறை சொல்லவில்லை. கடன் கொடுக்கும்போது கோழிப் பண்ணைக்கு நூறு கேள்வி கேட்கிற நாம், சைக்கிளுக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நாடு தாண்டிப் போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

உலகத்தில் பல இடங்களில் சைக்கிளிலேயே ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1878-லேயே இதற்கென்று சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். லேசான அலுமினிய சைக்கிள், விலை கூடின கார்பன் சைக்கிள் எல்லாம் வந்த பிறகும், தூரப் பயணம் போகிறவர்களில் பலர் இன்றைக்கும் இரும்புக் குழாய் சைக்கிளைத்தான் விரும்புகிறார்கள். காரணம் எளிது. இரும்பு பாரம் தாங்கும். விரிசல் விட்டாலும் எந்த ஊரிலும் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியத்தை எல்லாப் பட்டறையிலும் ஒட்ட முடியாது.

இதில் ஒரு பெண்ணின் கதையை மட்டும் சொல்கிறோம். அயர்லாந்து நாட்டில் டெர்வ்லா மர்ஃபி என்று ஒருவர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தன. சில நாட்களிலேயே ‘ஒருநாள் சைக்கிளில் இந்தியாவுக்குப் போவேன்’ என்று மனதில் முடிவு செய்தார். ஆனால் பதினாலு வயதில் படிப்பை நிறுத்த வேண்டி வந்தது, முடக்குவாதத்தில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள. நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா? 1962-ல் அம்மா இறந்தார். அப்போது டெர்வ்லாவுக்கு முப்பது வயது. 1963 ஜனவரியில் கடுங்குளிரில் தனியாகக் கிளம்பினார். ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாம் கடந்து அந்த ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். 2022-ல் தொண்ணூறு வயதில் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கிளம்புவதற்கு முன்னால் அவர் சைக்கிளில் இருந்த கியரைக் கழற்றச் சொல்லிவிட்டார். வழியில் இருக்கும் கரடுமுரடு ரோட்டுக்கு அது தாங்காது என்று நினைத்தார். மலை ஏற வேண்டியவர் கியரை வேண்டாம் என்றார். நாம் மூன்று கிலோமீட்டர் போக கியர் வேண்டும் என்று வாங்கினோம்! கியர் கெட்டது என்று சொல்லவில்லை. பக்கத்தில் ரிப்பேர் செய்ய ஆள் இருந்தால் அதுவும் நல்லதுதான். நாம் போகிற வழியில் எதைச் சரிசெய்ய முடியுமோ, அந்தப் பாகம்தான் நமக்கு நல்ல பாகம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, டயர். கடைக்குப் போகுமுன் நம்ம ஊர் பஞ்சர் கடை அண்ணனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “எந்த அளவு டயர், டியூப் எப்பவும் உங்ககிட்ட இருக்கும்?” டயரின் பக்கவாட்டில் எண் இருக்கும். பழைய பெரிய சைக்கிளுக்கு 28 × 1½, அதோடு 40-635 என்று இருக்கும். லேடீஸ் சைக்கிளில் பெரும்பாலும் 26 × 1⅜, அதாவது 37-590. தடித்த டயர் போட்ட மலை சைக்கிளிலும் 26 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அதன் எண் 559. இரண்டும் 26 தானே என்று வாங்கி வந்தால் ரிம்மில் உட்காராது. கடைசி மூன்று எண்ணைப் பாருங்கள். அது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். அதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சுமை. தண்ணீர்க் குடமா, புல்லுக்கட்டா, பிள்ளையா, ரேஷன் அரிசியா? அதற்குத் தகுந்த கேரியரும் ஸ்டாண்டும் வேண்டும். பழைய பெரிய சைக்கிளில் எண்ணிப் பாருங்கள், முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. பாரம் பின்னால் ஏறும் என்று தெரிந்து செய்தது. கேரியரில் மூட்டை வைக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக, கீழே தாழ்த்தி வையுங்கள். மேலே உயர்ந்தால் சைக்கிள் ஆடும்.

மூன்றாவது, பல் சக்கரம். கியர் இல்லாமலே மிதியை லேசாக்க வழி இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடும். பின்னால் 22 பல் உள்ள ப்ரீவீல் மாட்டினால் இரண்டு சுற்றுதான் ஓடும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் மேட்டில் பாரத்தோடு மிதிக்கலாம், முழங்கால் வலி குறையும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். புது சைக்கிள் வாங்குகிற செலவு இல்லை.

நான்காவது, சீட்டு. பலபேர் சீட்டை மிகவும் கீழே இறக்கி வைத்து ஓட்டுகிறோம், விழுந்துவிடுவோம் என்று பயம். அதனால்தான் முழங்கால் வலிக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் தாழ்த்தி வைத்து, கை பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

ஐந்தாவது, பிரேக். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். காய்ந்த ரோட்டில் நிற்கிற தூரத்தில் நிற்காது. மழை நாளில் வேகத்தைக் குறையுங்கள், முன்கூட்டியே பிடியுங்கள். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டால் மாற்றத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறாவது, சேலை. முழு செயின் கவரும், பின் சக்கரத்துக்குத் தடுப்பும் இல்லாமல் சைக்கிளைக் கடையிலிருந்து எடுக்காதீர்கள்.

பழைய சைக்கிளாக இருந்தாலும் பரவாயில்லை. குழாய்கள் சேரும் மூட்டுகளில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, துரு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு கோட்டம் இருக்கிறதா பாருங்கள். குழாய் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.

சேர்ந்து போவது எப்படி?

சைக்கிள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இதிலும் நாம் ஒரு தவறு செய்தோம்.

போன வருடம் பதினோரு பேர் சேர்ந்து சைக்கிளில் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கிளம்பினோம். போகும்போது ஒரே உற்சாகம். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் தேடுவார்களே என்று அவரவர் வேகத்துக்கு மிதித்தோம். கடைசியாக வந்த அக்கா, ஓட்டப் பழகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, வாய்க்கால் பாலத்தில் விழுந்துவிட்டார். ஊருக்குப் போய் எண்ணிப் பார்த்தபோதுதான் ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால், கையில் சிராய்ப்போடு இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக நடந்து வருகிறார். அவர் எங்களைத் திட்டவில்லை. “நீங்க எல்லாரும் முன்னாடி போயிட்டீங்க” என்று மட்டும்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் போதும். மறுநாளே தெருவில் பேச்சு, ‘பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுற லட்சணத்தைப் பாரு’ என்று. நான்கு மாதம் அந்த அக்கா சைக்கிளைத் தொடவே இல்லை.

தூரப் பயணம் போகிற சைக்கிள்காரர்களிடம் இதற்குப் பழக்கம் இருக்கிறது. மெதுவாகப் போகிறவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால், அனுபவம் உள்ளவர் ஒருவர் கடைசியில். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். நின்று ஓய்வெடுத்தவர்கள், பின்னால் வந்தவர் மூச்சு வாங்குமுன் கிளம்பிவிடக் கூடாது. மெயின் ரோட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், பேச்சை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தால் முன்னால் விளக்கு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம்.

பம்பும் பஞ்சர் சாமானும் ஆளுக்கு ஒன்று வேண்டாம், கூட்டத்துக்கு ஒன்று போதும். நம் குழுவும் இப்படித்தானே நடக்கிறது? தவணை கட்ட முடியாமல் ஒருவர் பின்தங்கினால் விட்டுவிட்டா போகிறோம்? ரோட்டிலும் அதே சட்டம்தான்.

புதுக்கோட்டை காட்டிய வழி

இது புதிதாக வந்த யோசனை இல்லை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். பெண்களுக்கு சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் முயற்சி எடுத்தார். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், நர்சுகள், ஆசிரியைகள் என்று எல்லோரும் ஓட்டினார்கள். கேலி பேசினவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

அங்கே பலபேர் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்பது ஒரு காரணம். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது இன்னொரு காரணம். அழகு பார்க்கவில்லை, தன் வேலைக்கு எது ஆகும் என்று பார்த்தார்கள். நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் இன்றைக்குப் பாட்டிகளாக இருக்கிறார்கள். பார்த்தால் கேளுங்கள்.

இன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவு

ஒன்று, சைக்கிள் கடன் கேட்கிற உறுப்பினரிடம் மூன்று கேள்வி: டயர் எங்கே கிடைக்கும், ரிப்பேர் யார் செய்வார், என்ன சுமை ஏற்றுவீர்கள்? பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். இரண்டு, குழுவுக்கு ஒரு பம்பு, ஒரு ஸ்பேனர் செட், பஞ்சர் சாமான், குழு நிதியிலிருந்து. மூன்று, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பள்ளி மைதானத்தில் பழக்கம், ஓட்டவும், பஞ்சர் ஒட்டவும். நான்கு, சேர்ந்து போகும்போது கடைசியில் வருவது யார் என்று கிளம்புமுன் பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும்.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறோம். பாலத்தில் விழுந்த அந்த அக்கா இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு சைக்கிளில்தான் வந்திருக்கிறார். (கைதட்டல்) ஏழு கிலோமீட்டர். வரும்போது அவர்தான் முன்னால். அவர் வேகத்துக்குத்தான் நாங்கள் எல்லோரும் வந்தோம். நேரம் கொஞ்சம் கூட ஆனது, ஆனால் யாரும் விழவில்லை, யாரும் பின்தங்கவும் இல்லை.