அரசாங்கக் கந்தோர்களும் மின்சாரச் சிக்கனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிற் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இம்முறை பொதுவாழ்வுக்குப் பயன்படும் ஒரு விஷயத்தைப் பேசும்படி செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே, அரசாங்கக் கட்டடங்களிலே மின்சாரம் எவ்வாறு செலவாகின்றது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம். இங்கே வீற்றிருக்கும் பெரியோர்களிற் பலர் அரசாங்க சேவையிலே தலை நரைத்தவர்கள். அவர்கள் முன்னிலையிற் கந்தோரைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதே. எனினும் பொறுத்துக் கேட்பார்கள் என்ற துணிவு எமக்கு உண்டு.

பிற்பகல் 2 மணியளவில் ஒரு கந்தோருக்குப் போய்ப் பாருங்கள். அதிகாரியின் அறையிலே யன்னல்கள் சாத்தியிருக்கும், திரை இழுத்திருக்கும். வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே மின்விளக்கு. குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும். குளிரூட்டி என்பது குளிரைப் பிறப்பிக்கும் இயந்திரம் அன்று. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் தொழில். அவ்வாறு கொட்டுகின்ற பெட்டி எங்கே பொருத்தப்பட்டிருக்கின்றது? எத்தனையோ இடங்களில் விறாந்தைச் சுவரிலேதான். விறாந்தையிலே நிற்பவர் யார்? ஓய்வூதிய விஷயமாக வந்த வயோதிப ஆசிரியர். பிறப்புச் சான்றிதழுக்காகக் கைக்குழந்தையுடன் வந்த தாய். அறையின் வெப்பமும், அந்த இயந்திரம் உண்ட மின்சாரத்தின் வெப்பமும் ஒன்றுசேர்ந்து அவர்கள் முகத்திலே வீசுகின்றன. மின்சார விரயத்தைப் பற்றி நாம் பேசுவதற்குப் பணம் மட்டும் காரணம் அன்று என்பதை இந்தக் காட்சி ஒன்றே காட்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சாதாரண அறைக் குளிரூட்டி ஒன்று ஓயாது இயங்கினால் மணிக்கு ஏறக்குறைய 1 அலகு மின்சாரம் உண்ணும். கூரையிலே தொங்கும் பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாற்று வேண்டும். புதுமாதிரியான விசிறிக்கு அதிற் பாதியும் வேண்டியதில்லை. ஆகவே ஒரு குளிரூட்டியின் உணவைக் கொண்டு 13 பழைய விசிறிகளைச் சுழற்றலாம். விளக்கின் சங்கதி இன்னும் எளிது. 60 வாற்றுக் குமிழ் தந்த வெளிச்சத்தை இன்று 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் தருகின்றது. ஆதலால் விளக்கைப் பற்றி நாம் அதிகம் பேசப்போவதில்லை, மாற்றினாற் சரி. குளிரூட்டியே பெருந்தீனிக்காரன்.

ஏன் இந்த விரயம் நிற்பதில்லை? உத்தியோகத்தர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அதே உத்தியோகத்தர் தம் வீட்டிலே ஒவ்வோர் ஆளியையும் அணைத்துவிட்டே படுக்கைக்குச் செல்கின்றார். வீட்டுச் சிட்டை அவர் கைக்கு வருகின்றது. கந்தோர்ச் சிட்டையோ கணக்குப் பகுதிக்குப் போய், ஒரு கையெழுத்துப் பெற்று, கோவைக்குள் உறங்குகின்றது. மின்சாரத்தை உபயோகிப்பவர் அதைக் காண்பதில்லை, காண்பவர் உபயோகிப்பதில்லை. போதாக்குறைக்குக் குளிரூட்டி பதவியின் அடையாளமாகவும் ஆகிவிட்டது! பதவி உயர, அறையின் வெப்பம் தாழ்கின்றது. சிவன் சொத்துக் குலநாசம் என்று அஞ்சுகின்ற நம்மவர்கள் ஊர்ச்சொத்து விஷயத்தில் அத்தனை அஞ்சுவதில்லை.

மின்சாரம் சுவரிலுள்ள துவாரத்திலிருந்து பிறப்பதாகவே நாம் பலரும் எண்ணுகின்றோம். யாழ்ப்பாணத்தார் அவ்வாறு எண்ணக்கூடாது. யுத்தகாலத்திலே தேசிய மின்வலையிலிருந்து அறுபட்டிருந்த நமது குடாநாட்டுக்குச் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்தே மின்சாரம் ஆக்கினார்கள். பின்னர் அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குடிநீரை வெளியிலிருந்து எதிர்பார்க்கும் நிலை பல குடும்பங்களுக்கு உண்டாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டில், அங்கே மின்நிலையம் நடத்திய கம்பெனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. வற்றாத ஆறு இல்லாத மண்ணிலே கிணற்றின் விலை என்னவென்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இன்று நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் கப்பலில் வருவதே. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது. அதற்கு முன்னர், பெப்ரவரியிலே, அரசாங்க நிறுவனங்கள் பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை குளிரூட்டிகளை நிறுத்தவேண்டுமென்று கேட்கப்பட்டன. வெள்ளம் தலைக்குமேல் வந்தபின் அணை கட்டும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று.

கட்டடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நமது ஊரில் ஆண்டிற் பாதி சோளகமும் மறுபாதி வாடையும் வீசுகின்றன. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகின்றது. வடக்குத் தெற்குச் சுவர்களைச் சிறிய தாழ்வாரம் ஒன்றே காக்கும். கிழக்கு மேற்குச் சுவர்களிற் படும் சாய்வான வெயிலை அவ்வளவு எளிதிற் தடுக்க முடியாது. ஆதலாற் கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டிருத்தல் நன்று. நாற்சார் வீடு கட்டிய நம் பாட்டன்மார் முற்றத்தின் வழியே காற்றை வரவழைத்தார்கள். நாம் படித்த மிஷன் பாடசாலையின் பழைய மண்டபத்தில், உயர்ந்த கூரையும் இருபுற விறாந்தையும் இருந்தமையால், பங்குனி வெயிலிலும் பகலில் விளக்கு ஏற்றியதில்லை. இப்பொழுதோ மேற்கு நோக்கிக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, வெயிலை விருந்துக்கு அழைத்து, பின்பு அதைத் துரத்தக் குளிரூட்டி வாங்குகின்றார்கள்.

பழைய முறை சிறிய கட்டடத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று சிலர் கூறுவர். கொழும்பிலே ஹைட் பார்க் கோர்னரில், 1976 முதல் 1978 வரையில், அரச ஈட்டு வங்கிக்கென ஜெப்ரி பாவா என்னும் கட்டடக்கலைஞர் 12 மாடிக் கட்டடம் ஒன்றை அமைத்தார். பின்னர் அது மகாவலிக் கட்டடம் என்று பெயர் பெற்றது. வீசும் காற்றை ஏற்கும் வண்ணம் அதன் உருவத்தையே வகுத்து, இயற்கைக் காற்றோட்டத்தை நம்பி அந்த உயரமான கந்தோரை வரைந்தார். அறிவு நம்மிடம் இல்லாமற் போகவில்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை உண்டாயிற்று. 2008இற் கட்டடங்களுக்கான மின்சிக்கன விதிக்கோவையும் வெளிவந்தது. கோவை இருக்கின்றது, கட்டடங்களைப் பார்த்தால் அதைப் படித்தவர் சிலரே என்று தோன்றுகின்றது.

குளிரூட்டியை முற்றாக ஒழிக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம் அன்று. மருந்துக் களஞ்சியத்துக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் அது வேண்டும். மற்ற இடங்களில் 26 பாகைக்கு வைத்து, ஒரு விசிறியையும் சுழலவிட்டால் உடம்புக்குப் போதும். ஜப்பான் அரசாங்கம் 2005ஆம் ஆண்டிலே கோடைக்காலத்தில் 28 பாகை என்று விதித்து, உத்தியோகத்தர்களைக் கோட்டும் கழுத்துப்பட்டியும் இன்றி வரச்சொல்லியது. பிரதம மந்திரியே கழுத்துப்பட்டி இல்லாமல் வந்தார். இந்தியாவிலே 2020ஆம் ஆண்டு முதற் புதிய அறைக் குளிரூட்டிகள் 24 பாகையிலேயே தொடங்கவேண்டும் என்று விதித்தார்கள். நமது வெயிலிற் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, அதன் புழுக்கத்தைத் தணிக்க அந்நியச் செலாவணியைச் செலவிடுவானேன்?

கூரையெல்லாம் சூரியத் தகடு போட்டாற் போதாதோ என்று கேட்பவர்களும் உண்டு. போடத்தான் வேண்டும், கந்தோர் இயங்குவதும் பகலில், சூரியன் காய்வதும் பகலில் ஆதலால் இரண்டுக்கும் நல்ல பொருத்தம். ஆயினும் ஓட்டைக் குடத்தை அடைக்காமற் கிணற்றை ஆழமாக்குவதில் என்ன பயன்? முதலில் ஓட்டையை அடைப்போம்.

இதற்காகச் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கின்றோம். வருகின்ற விடுமுறையில் நம் வாலிபர்கள் சிலர் கொப்பியும் பென்சிலும் கொண்டு, அனுமதி பெற்று, நமது பகுதியிலுள்ள மூன்று கந்தோர்களுக்குச் செல்லவேண்டும். எத்தனை குளிரூட்டிகள், எத்தனை பாகையில், நடுப்பகலில் எரியும் விளக்குகள் எத்தனை, திறக்கக்கூடிய யன்னல்களில் திறந்திருப்பவை எத்தனை, சென்ற 12 மாதச் சிட்டைகளில் அலகு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளவேண்டும். பத்திரிகைக்குக் கொடுப்பதற்காக அன்று; அந்தக் கந்தோர்த் தலைவரிடமே மரியாதையுடன் கொடுத்து, மாதச் சிட்டையை எல்லோரும் காணும்படி வாசலிலே ஒட்டிவைக்கக் கேட்பதற்காக. சேவையில் இருந்து இளைப்பாறிய பெரியோர்கள் இருவர் மூவர் கூடவந்தால், வாசற் காவலாளி எம்மைத் தடுக்கமாட்டார்.

அதற்கு முன் ஒன்று. இந்த மண்டபத்திலே இப்பொழுது எரியும் விளக்குகளை எண்ணினோம், 14. நேரம் மாலை 4 மணி. வடக்கு யன்னல்கள் நான்கும் சாத்தியிருக்கின்றன. அருகில் இருக்கும் சகோதரர்கள் அவற்றைத் திறந்துவிட்டால், ஆளியை அணைத்துவிட்டு அடுத்த பேச்சாளரைக் கேட்கலாம். கணக்கெடுப்புக்கு வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.