உத்தரவு போட்டவனும் நிறைவேற்றியவனும்

தோழர்களே!

"மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்வேன்?" இந்தப் பேச்சை நாம் எத்தனை வாசல்களில் கேட்டிருக்கிறோம்! ஒரு நாட்டின் உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் இதையே சொன்ன கதையைப் பார்ப்போம்.

1945 மே மாதம் ஜெர்மனியில் நாஜி ஆட்சி வீழ்ந்தது. அதற்குள் சுமார் 60 லட்சம் யூத மக்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். ஹிட்லர் ஒருவனா கொன்றான்? பெயர்ப் பட்டியல் எழுதியவன் ஒரு குமாஸ்தா. ரயில் ஒதுக்கியவன் ஓர் அதிகாரி. சாகப் போகிறவர்களுக்கு டிக்கெட் கட்டணம் கணக்குப் பார்த்தவன் இன்னொருவன். அவர்கள் கையில் ரத்தம் படவில்லை, மைதான் பட்டது.

"மறுத்திருந்தால் எங்களைச் சுட்டிருப்பார்கள்" என்றார்கள் பிற்பாடு. உண்மைதானா?

1942 ஜூலை. போலந்தில் யூஸெஃபூவ் என்ற ஊர். ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த 101ஆம் போலீஸ் பட்டாளம் அங்கே நின்றது. அதில் பெரும்பாலோர் துறைமுகத் தொழிலாளிகள், லாரி டிரைவர்கள் போன்ற உழைப்பாளிகள். ஆம் தோழர்களே, நம்மைப் போன்றவர்கள்! முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதியே சொன்னான். ஏறக்குறைய 500 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் அப்போது விலகினார்கள். அவர்களை யாரும் சுடவில்லை, சிறையிலும் போடவில்லை. மற்றவர்கள் அன்று ஒரே நாளில் சுமார் 1,500 பேரைச் சுட்டுத் தள்ளினார்கள்.

ஆட்சி ஒழிந்தபின் நடந்தது என்ன? 'உத்தரவு' என்ற சாக்கு குற்றத்தைப் போக்காது என்பதே 1945-46 நியூரம்பர்க் விசாரணையின் விதி. ஆனால் யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்த 1935ஆம் வருஷச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதிய ஹான்ஸ் குளோப்கே, 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியில் சான்ஸலர் அடினாவரின் அலுவலகத் தலைமை அதிகாரி! ஷ்டுட்ஹோஃப் முகாம் ஆபீஸில் டைப் அடித்த பெண்ணுக்கோ 2022இல், 97ஆம் வயதில், தண்டனைத் தீர்ப்பு வந்தது.

டைப் அடித்தவள் குற்றமற்றவள் என்று நாம் சொல்லவில்லை. கணக்கை மேலிருந்து தொடங்க வேண்டும், கீழ்வரை வர வேண்டும் என்கிறோம்.

தோழர்களே! நாளை நம் பிள்ளைகளும் படித்து உத்தியோகத்துக்குப் போவார்கள். இன்றே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: "உத்தரவு அவனுடையதாக இருக்கலாம், கையெழுத்து உன்னுடையது. ஆட்சி விழுந்தபின் அழுது பயனில்லை. காகிதம் மேஜைக்கு வரும்போதே கேள்: இது யாருடைய கழுத்துக்கு?"